எலவனாசூர்கோட்டை: கூட்டுச்சொல்லின் அசைப்பிரிப்பும் ஒலிப்பும்

நெடிய கூட்டுச்சொல்லை ஒலிக்குங்கால், நா பிரிக்கும் எல்லையும் பொருள் பிரிக்கும் எல்லையும் யாண்டும் ஒன்றாதல் இல்லை. இவ்வேறுபாட்டைக் கருதாது ஊர்ப்பெயர்க்குப் பொருள் காண்பார் இடர்ப்படுவர்.

2019ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்தினின்றும் பிரிந்தமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது எலவனாசூர்கோட்டை. பேச்சில் இப்பெயர் எ-ல-வ-னா-சூர்-கோட்-டை என ஏழு ஒலியசைகளாகும். யாப்பு நெறியிலோ எல-வனா-சூர்-கோட்-டை என ஐந்தசையே. ஆகவே ஒலியசையும் யாப்பசையும் வேறு என்க.

'சூர்' என்பதற்கும் 'கோட்டை' என்பதற்கும் இடையே அசையெல்லையும் சொல்லெல்லையும் ஒன்றுபடுகின்றன. 'னா', 'சூர்' என்னும் அசைகளிலோ சொல்லெல்லை அசையின் உள்ளேயே மறைந்திருத்தல் கூடும். 'எலவன் + ஆசூர்' எனவும், 'எலவனாசு + ஊர்' எனவும் பிரிக்க ஒலி இடந்தரும். இவற்றுள் ஒன்றைத் துணிதற்கு அவ்வொலி சான்றாகாது. கல்வெட்டில் பயிலும் பழைய வடிவமே சான்றாம். அவ்வூர் இறைவனாகிய கிராமார்த்தநாதேசுவரர் பெயரிலும் கிராம, அர்த்த, நாத, ஈசுவரர் என்பன உயிரொடு உயிர் கலந்து, 'மார்', 'தே' என்னும் அசைகளுள் எல்லை கரந்து நிற்றல் காண்க.

நெடுங்கூட்டுச்சொற்களுக்குப் பெயர்பெற்ற செருமானிய மொழியின் நெறி வேறு. ஆங்குச் சொல்லெல்லையே பெரும்பாலும் அசையெல்லை. 'ஷ்பீகெல்' (கண்ணாடி), 'ஐ' (முட்டை) என்னும் இரண்டும் கூடியவழி 'ஷ்பீ-கெ-லை' என ஒலியார். பின்சொல்லின் உயிர்க்கு முன் மிடற்றைச் சிறிதே அடைத்து, 'ஷ்பீ-கெல்-ஐ' என்பர். எழுத்தால் ஒன்றாகிய ஒரு சொல், 'வஃ-ஷ்டூபெ' எனின் காவலறை. 'வக்ஸ்-டூபெ' எனின் மெழுகுக் குழாய்.

எழுத்து ஒன்றாயினும் இசையால் பொருள் வேறுபடுதலைத் தொல்காப்பியப் புணரியலும் கூறும். உரையாசிரியர் காட்டும் 'செம்பொன்பதின்றொடி' என்பது, 'செம்பொன், பதின்றொடி' எனின் பொன் பத்துத் தொடி. 'செம்பு, ஒன்பதின்றொடி' எனின் செம்பு ஒன்பது தொடி. 'குன்றேறாமா' என்பதும், குன்றேறும் ஆமா, குன்றேறாத மா என இருபொருள் தரும். புணர்ச்சியில் மறைந்த எல்லையைத் தமிழர் இசையறுத்து விளக்கினர் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, வல்லொற்றுப் பற்றி ஒன்று. எலவனாசூரினது கோட்டை என விரியுமாயின், ரகர ஈற்றின் முன் வல்லெழுத்து மிகுதல் விதி. 'தேர்க்கால்' போல 'எலவனாசூர்க்கோட்டை' என்றாகும். அண்மையிலுள்ள உளுந்தூர்ப்பேட்டையும் இந்நெறியதே. எனினும் இவ்விரு பெயர்களும் ஒற்றின்றியும் எழுதப்படுகின்றன. ககர ஒற்று மிகினும் 'சூர்க்' நேரசையே. ஒலியசைத் தொகையும் மாறாது. ஆயின் ஒலிப்பு மாறும். 'மார்கழி' என்பதிற்போலத் தனிக்ககரம் நெகிழ்ந்தொலிக்கும். 'பார்க்க' என்பதிற்போல இரட்டித்தது வலிந்தொலிக்கும். ஒற்றை விடுத்தெழுதின், ஊரறியாதார் 'கோட்டை'யின் முதலெழுத்தை நெகிழ்த்து, சொல்லெல்லையையே சிதைத்தல் கூடும்.

கல்வெட்டுக்களிற் புள்ளியும் சொல்லிடைவெளியும் இன்மை பெரும்பான்மை. அவற்றைப் பதிப்பிப்போர் சொல்லெல்லையை ஒலி கொண்டு மட்டும் அறுதியிடாது, புணர்ச்சி விதி, பழைய வடிவம், ஊரார் ஒலிப்பு ஆகிய மூன்றையும் ஒப்புநோக்கித் துணிதல் வேண்டும். அன்றேல் பொன் செம்பாதலும் செம்பு பொன்னாதலும் எளிதே.