மாற்றலா, பொருத்தலா? இதய மருத்துவத்தில் சொல்லும் பொருளும்

பேச்சில் வால்வு என வழங்கும் தடுக்கிதழ்கள் நம் இதயத்தில் நான்கு உள்ளன. குருதி முன்னே செல்லத் திறந்து, பின்னே திரும்பாதபடி மூடும் ஒருவழிக் கதவுகள் அவை. இதயத்திலிருந்து உடலுக்குக் குருதி வெளியேறும் வாயிலில் இருப்பது பெருந்தமனித் தடுக்கிதழ். முதுமையில் அதன்மீது சுண்ணாம்புச் சத்துப் படிந்து இதழ்கள் விறைத்து, வழி குறுகும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் ஆகியன இதன் அறிகுறிகள். மருந்தால் அக்குறுக்கத்தை நீக்க இயலாது. மார்பெலும்பைப் பிளந்து, இதயத்தை நிறுத்திச் செய்யும் அறுவையோ நலிந்தோர்க்குப் பேரிடராகலாம்.

அத்தகைய நிலையில் இருந்த 57 வயது நோயாளி ஒருவருக்கு, 2002 ஏப்ரல் 16 அன்று பிரான்சின் ருவான் நகரில் மருத்துவர் அலென் கிரிபியே குழாய்வழித் தடுக்கிதழ் பொருத்தினார். மனிதரிடம் இச்சிகிச்சை செய்யப்பட்டது அதுவே முதன்முறை. நோயாளியின் இதயம் உடனே தேறியது. எனினும் சில மாதங்களில் வேறு காரணங்களால் அவர் இறந்தார். சிங்கப்பூர் தேசிய இருதய நிலையத்தில் இச்சிகிச்சை 2009இல் தொடங்கியது.

இன்று பெரும்பாலும் தொடையிடுக்குத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்துகின்றனர். மாட்டின் அல்லது பன்றியின் இதய உறைத்திசுவால் செய்து, உலோகச் சட்டத்தில் தைத்த புதிய தடுக்கிதழ் அக்குழாயில் சுருங்கிய நிலையில் செல்கிறது. உரிய இடத்தை அடைந்ததும் பலூனாலோ தானாகவோ அது விரிகிறது. பழைய இதழ்கள் வெட்டி எடுக்கப்படுவதில்லை, சுவரோரம் ஒதுக்கப்படுகின்றன.

மொழியியலார் கருதவேண்டிய இடம் இதுவே. ‘மாற்றுதல்’ என்றால் பழையதை அகற்றிப் புதியதை வைத்தல் என்றே கேட்போர் கொள்வர். இங்கு அகற்றுதல் நிகழ்வதில்லை. ஆகவே ‘பொருத்துதல்’ என்பதே செயலுக்கு இயைந்த சொல். ஆங்கிலத்திலும் இவ்விரு வழக்குகளும் உள்ளன. ‘வடிகுழாய்’ என்பதும் அவ்வாறே. சிறுநீரை வடிக்கும் குழாய்க்கு அது பொருந்தும். இங்கோ குழாய் எதனையும் வடிப்பதில்லை, ஒன்றைக் கொண்டு சேர்க்கிறது. கத்தீட்டர் என்னும் சொல்லின் கிரேக்க மூலமும் உள்ளே இறக்குதல் என்னும் பொருளுடையது. எனவே ‘செலுத்துகுழாய்’ என்பது தெளிவு தரும்.

இவ்வேறுபாட்டின் பயன் நூலளவில் நிற்பதன்று. 1950களில் உருவாகத் தொடங்கிய குவீன்ஸ்டவுன், சிங்கப்பூரின் முதல் துணை நகரம். இன்று முதியோர் மிகுந்த வட்டாரங்களுள் ஒன்று. அங்கு வாழும் தமிழ் மூதாட்டி ஒருவரிடம் மருத்துவர் ஒப்புதல் கேட்கிறார் எனக் கொள்வோம். ‘வால்வை மாற்றுவார்கள்’ எனப் பேரன் மொழிபெயர்த்தால், நெஞ்சைப் பிளப்பர் என அஞ்சி அவர் மறுக்கக்கூடும். ‘குழாய் விடுவார்கள், அவ்வளவுதான்’ என்றால், பக்கவாதம், குருதிக்கசிவு, இதயமுடுக்கி தேவைப்படுதல் ஆகிய இடர்களை அறியாமலே இசையக்கூடும். இரண்டும் அறிந்தெடுத்த முடிவுகள் ஆகா.

ஆசிரியர்கள் வகுப்பில் இதனையே பயிற்சியாக அளிக்கலாம். இச்சிகிச்சையின் முறை, பயன், இடர் ஆகிய மூன்றையும் வீட்டு முதியவர் ஒருவருக்கு மாணவர் தமிழில் விளக்கட்டும். கேட்டவர் அதனைத் தம் சொற்களில் திருப்பிக் கூறட்டும். அவ்வாறு அவர் கூறக்கூடுமாயின், நாம் ஆண்ட கலைச்சொற்கள் தம் பணியைச் செய்தன எனக் கொள்ளலாம்.