கலப்பில்லாத திராட்சை இரசம்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போது நம் வீடுகள் பலவற்றில் ஒரு ஜாடி, வாய் கட்டப்பட்டு மூலையில் இருக்கும். திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு கைப்பிடி கோதுமை, கிராம்பு, பட்டை எல்லாம் அதற்குள். சுவையான பானம்தான். ஆனால் இதைத் திருப்பலிக்குக் கொடுக்க முடியாது.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, எண் 924, இதைத் தெளிவாகச் சொல்கிறது. திராட்சை இரசம் இயற்கையானதாக, திராட்சைக் கனியிலிருந்தே பெறப்பட்டதாக, கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும். 2004-இல் வெளிவந்த 'ரெதெம்ப்சியோனிஸ் சாக்ரமெந்தும்' என்ற ஆவணம், வேறு பொருள்கள் கலக்கக் கூடாது என்பதையும் வலியுறுத்தியது. எனவே நமது ஜாடியில் சர்க்கரையும் கோதுமையும் மசாலாவும் விழுந்தபோதே அது வேறொன்றாகிவிட்டது.

உண்மையில் திராட்சைக்கு வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை. தோட்டத்திலும் பழத்தோலிலும் நொதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. பழத்தை நசுக்கி வைத்தால், அவை பழத்தின் இனிப்பைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. பொறுமை வேண்டும், சுத்தம் வேண்டும், அவ்வளவுதான். (கேரளத்தின் மார்த்தோமா கிறிஸ்தவர்கள் உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த இரசத்தையும் பயன்படுத்தினார்கள். அதுவும் திராட்சைதானே!)

நம் ஜவ்வாது மலைச்சரிவுகளில் சாமை விளைவதைப் பார்த்திருப்போம். ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரையிலும் போர்ச்சுகலின் தோரோ பள்ளத்தாக்கிலும் அத்தகைய செங்குத்தான சரிவுகளில் திராட்சை நிற்கிறது. மழைநீர் தேங்காமல் வடியும், வெயில் நேராக விழும், கல் சூட்டைத் தாங்கி வைக்கும். ஆனால் இயந்திரம் ஏறாது. குலைகளைக் கையால்தான் கொய்ய வேண்டும். இன்று 'இயற்கை ஒயின்' செய்யும் சிறு குடும்பங்கள் பல நாடுகளில் உண்டு. இரசாயன உரமின்றி வளர்த்த பழம், கையறுவடை, பழத்தின் சொந்த நொதி என அதற்குப் பிரான்சு நாடு 2020-இல் ஒரு வரையறையை ஏற்றது. சந்தையின் 'இயற்கை'யும் திருச்சட்டத்தின் 'இயற்கை'யும் ஒன்றல்ல. ஆயினும், பழத்தோடு வேறெதையும் கலக்காதே என்ற இடத்தில் இரண்டும் சந்திக்கின்றன.

தமிழகத்தில் திராட்சைக்குப் பேர்போனது மலைச்சரிவு அல்ல, பள்ளத்தாக்கு. தேனி மாவட்டத்தின் கம்பம் பகுதியில் விளையும் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. 1832-இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் இந்த இரகத்தைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது. குளிர்நாட்டுக் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும். ஆண்டுக்கு ஓர் அறுவடைதான். கம்பத்தில் அந்த உறக்கம் இல்லை. விவசாயிகள் தோட்டத்துக்குத் தோட்டம் நாள் மாற்றிக் கவாத்து செய்வதால் ஆண்டு முழுவதும் பந்தலில் குலை தொங்குகிறது. பெரும்பகுதி பழமாகவே சந்தைக்குப் போகிறது.

ஒரு காலத்தில் திருப்பலிக்கான இரசத்தைப் பெரும்பாலும் துறவற சபைகளே கவனித்துக்கொண்டன. இப்போது கடைகளிலும் இணையத்திலும் விற்கிறார்கள். அதனால்தான் 2017 ஜூனில் வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயம், அப்பமும் இரசமும் எங்கிருந்து வருகின்றன என்பதைக் கண்காணிக்குமாறு ஆயர்களுக்குக் கடிதம் எழுதியது. மலிவான குப்பியில் 'திராட்சைச் சுவை' என்று எழுதியிருந்தால் அது திராட்சை இரசம் அல்ல.

'கெட்டுப்போகாதது' என்ற சொல்லும் நம் வெப்பத்தில் முக்கியம். திறந்த குப்பிக்குள் காற்று புகுந்தால் இரசம் மெல்லக் காடியாகும். சக்ரீஸ்தியில் உதவுபவர்கள் மூடியை இறுக்கிக் குளிர்ந்த இடத்தில் வைக்கலாம். சிறு குப்பிகளாக வாங்கலாம். புளித்த வாடை அடித்தால் திருப்பலி தொடங்கும் முன்பே குருவிடம் சொல்லிவிட வேண்டும்.