9... 20... 30... நெஞ்சில் ஒரு காலண்டர்!

ஜனவரி 26 காலையில் தூக்கக் கலக்கத்தோடு ஹாஸ்டல் டி.வி. ரூமில் உட்கார்ந்து டெல்லி அணிவகுப்பைப் பார்த்திருப்பீங்க. முப்படைத் தளபதிகள் பக்கம் கேமரா திரும்பும். இடது நெஞ்சில் கலர் கலராக ரிப்பன்கள் அடுக்கியிருக்கும். 'அடேங்கப்பா... எத்தனை சண்டை போட்டிருப்பார்!' என்று யாராவது ஒருத்தர் வாயைப் பிளப்பார்.

சண்டைக்கான ரிப்பனும் அதில் இருக்கலாம். ஆனால், அடுத்த தடவை கடைசி வரிசையைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. அங்கே இருக்கும் மூன்று ரிப்பன்கள் எந்த யுத்தத்துக்காகவும் கொடுத்தது இல்லை. 30 வருஷ லாங் சர்வீஸ் மெடல், 20 வருஷ மெடல், 9 வருஷ மெடல். அத்தனை வருஷம் யூனிஃபார்மில் இருந்ததற்கு! நம்ம பாஷையில் சொன்னால், அட்டெண்டன்ஸ் பிரைஸ்.

சிரிக்காதீங்க. 75 சதவிகித அட்டெண்டன்ஸுக்கே நாக்கு தள்ளுகிற ஆட்கள் நாம். அங்கே 9 வருஷம் என்றால் பனிமலையில் காவல், நீர்மூழ்கியில் மூச்சுமுட்டல், பிறந்த குழந்தையின் முகத்தை லீவு கிடைக்கும்போது பார்ப்பது என்று எல்லாமே சேர்த்துத்தான்.

இந்த மெடல்களில் 9, 20 இரண்டும் 1971-ல் வந்தவை. 30 வருஷ மெடல் 1980-ல் சேர்ந்தது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் பொது. சிப்பாய் முதல் ஜெனரல் வரை எல்லா ரேங்க்குக்கும் பொது. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கு, இல்லையா? சிக்கல் ஆரம்பிப்பதே இங்கேதான். மெடல் பொதுவானது. ஆனால், அதைத் தொடும்வரை வேலையில் இருக்க விடுவார்களா என்பது ஆளுக்கு ஆள், படைக்குப் படை வேற!

2022-க்கு முன்னால் இருந்த கணக்கைப் பாருங்க. பிளஸ் டூ முடித்த மூன்று நண்பர்கள் ஒரே வருஷத்தில் மூன்று படைகளில் சேர்கிறார்கள். தரைப்படைக்குப் போனவர் கடைசி வரை சிப்பாயாகவே இருந்தால் சுமார் 17 வருஷத்தில் வீடு. கடற்படைக்குப் போனவருக்கு முதல் ஒப்பந்தம் 15 வருஷம். விமானப்படைக்குப் போனவருக்கு 20 வருஷம். ஆக, 9 வருஷ மெடல் மூவருக்கும் எட்டும். 20 வருஷ மெடலோ விமானப்படைக்காரரின் வாசலுக்குத் தானாக வந்து நிற்கும். மற்ற இருவரும் பிரமோஷன் வாங்கியோ, ஒப்பந்தத்தை நீட்டித்தோதான் அதைத் தொட முடியும். உழைப்பில் குறைச்சல் இல்லை பாஸ், ஒப்பந்தத்தில்தான் குறைச்சல்.

இந்த மூன்று போக, 'லாங் சர்வீஸ் அண்ட் குட் காண்டக்ட் மெடல்' என்று தனியாக ஒன்று உண்டு. 15 வருஷம், நன்னடத்தையோடு. ஆனால் ஹவில்தாருக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும். ஹவில்தார் ரேங்க் என்றால் 18 வருஷம் முடித்து 'மெரிட்டோரியஸ் சர்வீஸ் மெடல்'. கடற்படையில் பெட்டி ஆபீசர், விமானப்படையில் சார்ஜென்ட் என்று அதே கோடுதான். தகுதி இருக்கிற எல்லோருக்கும் கிடைத்துவிடாது, எண்ணிக்கையும் அளந்துதான். ஹவில்தாருக்கு ஒரு மெடல், அவருக்குக் கீழே இருப்பவருக்கு இன்னொன்று என்ற இந்தப் பிரிவினை வெள்ளைக்காரன் 1888-ல் இந்தியச் சிப்பாய்களுக்காகப் போட்டது. சுதந்திர இந்தியா மெடலில் இருந்த ராணியை, ராஜாவை எல்லாம் எடுத்தது. கோட்டை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது!

அந்த வெள்ளைக்காரன் தன் ஊரில் என்ன செய்தான் என்பது இன்னும் தமாஷ். 1830-ல் பிரிட்டிஷ் ராணுவத்தில் இந்த மெடலை ஆரம்பித்தபோது, காலாட்படைக்காரர் 21 வருஷம் இருந்தால் போதும். குதிரைப்படைக்காரர் என்றால் 24 வருஷம்! அடுத்த வருஷமே கடற்படை தனக்கென்று ஒன்று வைத்துக்கொண்டது. அதிகாரிகளுக்கு? கிடையாது. 'அதிகாரி என்றாலே கனவான். கனவானுக்கு எதற்கு நன்னடத்தைச் சான்றிதழ்?' என்பது அவர்கள் லாஜிக். இந்த லாஜிக் உடைய 2016 ஆக வேண்டியிருந்தது. இப்போது அங்கே அதிகாரிகளும் 15 வருஷம் ஒழுங்காக இருந்துதான் வாங்குகிறார்கள்.

வேலையையும் விடாமல் யூனிஃபார்மும் போடணும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு டெரிட்டோரியல் ஆர்மி. நம்ம தோனிக்கு 2011-ல் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்ததே, அதே படைதான். கோயம்புத்தூரிலேயே இதன் பட்டாலியன் ஒன்று இருக்கு. இவர்களுக்கு மெடலும் தனி. அதிகாரி அல்லாதவர்களுக்கு 12 வருஷத்தில் டெரிட்டோரியல் ஆர்மி மெடல், அதிகாரிகளுக்கு 20 வருஷத்தில் டெகரேஷன். வருஷா வருஷம் லீவு போட்டுப் பயிற்சிக்குப் போகணும். உங்க மேனேஜர் சம்மதிக்கணும். அது இன்னொரு யுத்தம்!

சரி, இப்போ தோழிகளுக்கு வருவோம். சென்னை பரங்கிமலையில் இருக்கிற ஆபீசர்ஸ் ட்ரெய்னிங் அகாடமி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1992-ல் மருத்துவம், நர்சிங் தாண்டி மற்ற பிரிவுகளுக்கும் பெண் அதிகாரிகளைத் தரைப்படை எடுக்க ஆரம்பித்தபோது, முதல் அணி பயிற்சி எடுத்தது அங்கேதான். அவர்களுக்குக் கொடுத்த காலம் எவ்வளவு தெரியுமா? 5 வருஷம். 9 வருஷ மெடல் என்று ஒன்று இருக்கு, ஆனால் 5 வருஷத்தில் கிளம்பிடணும். எப்படியிருக்கு கதை! 1996-ல் இன்னொரு 5 வருஷம் நீட்டினார்கள். 9 கைக்கு வந்தது. 2005-ல் 14 வருஷம் வரை நீட்டினார்கள். 20 மட்டும் எட்டவே இல்லை.

'ஒரு ரிப்பன்தானே, போனால் போகட்டும்' என்று விட முடியாது. அதிகாரிகளுக்குப் பென்ஷன் கிடைக்க வேண்டிய சர்வீஸும் 20 வருஷம்தான்! 14 வருஷம் சிக்னல்ஸிலோ இன்ஜினீயர்ஸிலோ உழைத்துவிட்டு, முப்பத்தெட்டு வயதில் பென்ஷன் இல்லாமல் வெளியே வந்து மறுபடியும் பயோடேட்டா தட்டணும். கூடப் பயிற்சி எடுத்த பையனுக்கு பர்மனென்ட் கமிஷன் கேட்கவாவது வழி இருந்தது. இவர்களுக்கு அந்தக் கதவே கிடையாது.

கோர்ட்டுக்குப் போனார்கள். வருஷக்கணக்கில் நடந்தது. 2020 பிப்ரவரி 17-ல் உச்ச நீதிமன்றம், தரைப்படைப் பெண் அதிகாரிகளையும் பர்மனென்ட் கமிஷனுக்குப் பரிசீலிக்கணும் என்று தீர்ப்பு சொன்னது. அதிலேயே, 14 வருஷத்தைத் தாண்டிவிட்டவர்களுக்கு பர்மனென்ட் கமிஷன் கிடைக்காவிட்டாலும் 20 வருஷம் முடிக்க விடணும் என்றும் சொன்னது. அடுத்த மாதமே கடற்படைக்கும் அதே மாதிரி தீர்ப்பு. 2025 மே மாதம் நேஷனல் டிஃபன்ஸ் அகாடமியிலிருந்து 17 பெண்கள் முதல்முறையாகப் படிப்பை முடித்து வெளியே வந்தார்களே, அவர்களுக்கு 9, 20, 30 மூன்றுமே கணக்கில் எட்டக்கூடியவை.

கதை சுபம் என்று நினைத்தால், இந்தப் பக்கம் இன்னொரு கதவு சாத்திக்கொண்டது. 2022 ஜூனில் அக்னிபாத் வந்தது. அதிகாரிகளுக்குக் கீழே மூன்று படைகளுக்கும் இனி ஆள் எடுப்பது இப்படித்தான். பயிற்சியையும் சேர்த்து 4 வருஷம். அறிவித்த விதிப்படி, ஒரு அணியில் அதிகபட்சம் 25 சதவிகிதம் பேரைத்தான் ரெகுலராக எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் சேவா நிதி என்று சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வீடு திரும்பணும். பென்ஷன் கிடையாது. வீரத்துக்கான விருது அக்னிவீருக்கும் உண்டு, அதில் பாகுபாடு இல்லை. 9 வருஷ மெடல்? 4-க்கு அப்புறம் வெளியே அனுப்பினால் 9 எங்கிருந்து வரும்!

சிக்கனம், இளமையான படை என்று அரசு காரணம் சொல்கிறது. அதில் விஷயம் இருக்கலாம். ஆனால், நாலு வருஷத்தில் கிளம்பப் போகிறவரிடம் 'விசுவாசம்' பற்றி மேடை போட்டுப் பேசும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கு.

டிகிரி முடித்து சி.டி.எஸ். எழுதப்போகிறவரா நீங்க? ஷார்ட் சர்வீஸ் கமிஷன் என்றால் 10 வருஷம், விரும்பினால் இன்னும் 4. அதாவது 9 நிச்சயம், 20-க்கு பர்மனென்ட் கமிஷன் வாங்கியாகணும். நோட்டிஃபிகேஷனில் சம்பளம் போட்டிருக்கிற பக்கத்துக்கு நேராகத் தாவாதீங்க. எத்தனை வருஷத்துக்கு எடுக்கிறார்கள், அதற்கப்புறம் இருப்பதா போவதா என்று யார் முடிவு செய்வது என்று ஒரு பத்தி பொடி எழுத்தில் வரும். பேனாவால் கோடு போட்டு, வீட்டில் அப்பா, அம்மாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுங்க.