சாயம் வெளுக்கிறதா, முடி வளர்கிறதா?

“டை அடிச்சா பத்து நாள்கூட நிக்க மாட்டேங்குது. நல்ல பிராண்டா ஒண்ணு சொல்லேன்.” நாற்பதைத் தாண்டிய நண்பர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. ‘ஆப் ரொம்ப ஸ்லோ’ என்று யாராவது சொன்னால், கோளாறு சர்வரிலா நெட்வொர்க்கிலா என்று பார்த்த பிறகுதான் நாங்கள் கை வைப்போம். தலைமுடிக்கும் அதே முறைதான். முதலில் கண்ணாடியைப் பாருங்கள்: வெள்ளை எங்கே தெரிகிறது?

கிருதாவிலும் வகிட்டிலும் மட்டும் தெரிந்தால், சாயம் எங்கும் போகவில்லை. தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். பத்து நாளில் 3 மி.மீ. அந்தப் புது முடி சாயத்தைப் பார்த்ததே இல்லை. குட்டையாக வெட்டிக்கொள்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: சாயம் ஏறிய நுனி சலூனில் வெட்டுப்பட்டுப் போகிறது, சாயம் படாத அடிமுடி தலையில் தங்குகிறது. இதற்கெல்லாம் பிராண்டை மாற்றிப் பயனில்லை. நீளம் முழுக்கச் செம்பட்டை தட்டினால்தான் அது உண்மையான வெளுப்பு.

அது எப்படி நடக்கிறது? முடியின் மேற்பரப்பு, ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செதில்களால் ஆனது. நிரந்தரச் சாயத்தில் உள்ள அமோனியா முடியை உப்பவைத்துச் செதில்களைத் தூக்குகிறது. ‘அமோனியா இல்லை’ என்று போட்ட பெட்டிகளில் பெரும்பாலும் எத்தனாலமைன் அந்த வேலையைச் செய்யும். பிறகு பிபிடி எனப்படும் பாரா-ஃபினைலீன்டைஅமின் போன்ற சின்ன மூலக்கூறுகள் உள்ளே நுழைகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டதும் அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, வந்த வழியே திரும்ப முடியாமல் சிக்கிக்கொள்கின்றன.

ஆனால் முடி நனையும்போதெல்லாம் மறுபடி உப்புகிறது, கொஞ்சம் நிறம் கசிகிறது. பழியை ஷாம்பு மேல் போடுகிறோம். வெறும் தண்ணீருக்கே அதில் பெரிய பங்கு உண்டு. வெயில், நீச்சல்குளத்துக் குளோரின், ஹேர் ட்ரையர் சூடு எல்லாம் அதற்குத் துணை.

ஆகவே செய்யக்கூடியவை இவை:

1. சாயம் போட்டு அலசியபின் இரண்டு நாளாவது தலைக்குக் குளிக்காதீர்கள். அதன்பின்னும் தினசரித் தலைக்குளியலைக் குறையுங்கள்.

2. வெந்நீர் வேண்டாம். சல்ஃபேட் இல்லாத ஷாம்பு, அதன்பின் கண்டிஷனர்.

3. குளிப்பதற்கு அரைமணி முன் கொஞ்சம் தேங்காயெண்ணெய். அது முடிக்குள் இறங்கி, முடி தண்ணீரை உறிஞ்சி உப்புவதைக் குறைக்கிறது.

4. நீண்ட நேரம் வெயிலில் அலைந்தால் தொப்பியோ முக்காடோ.

5. மறுபடி டை அடிக்கும்போது வேருக்கு மட்டும் அடியுங்கள். ஏற்கெனவே கறுத்த நீளத்துக்கு அது தேவையில்லை.

கடைசிப் புள்ளிதான் எனக்கு முக்கியம். பத்து நாளுக்கு ஒருமுறை தலை முழுக்க அடிப்பவர் பிபிடியை அத்தனை தடவை தோலில் தேய்க்கிறார். 1909இல் யூஜீன் ஷ்யூலர் பாரிஸில் தொடங்கிய கம்பெனியின் பெயரிலேயே ‘தீங்கற்ற கூந்தல் சாயம்’ என்ற சொற்கள் இருந்தன. அதுதான் இன்றைய லோரியால். நூறாண்டுக்கு அருகில், 2006இல், அமெரிக்காவின் தொடுதோல் அழற்சி மருத்துவர் சங்கம் ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று தேர்ந்தெடுத்தது இந்த பிபிடியைத்தான். தலையில் படும் கலவையில் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி.

“இருபது வருஷமா போடறேன், ஒண்ணும் ஆகல” என்பது உத்தரவாதமில்லை. இந்த ஒவ்வாமை திரும்பத் திரும்பப் படுவதால் வருவது. ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் கூடவே இருக்கும். ஒவ்வொரு முறையும் 48 மணி நேரம் முன்பே காதின் பின்புறம் துளி வைத்துப் பாருங்கள். அரிப்போ வீக்கமோ வந்தால் அந்தச் சாயம் உங்களுக்கு வேண்டாம். ‘கறுப்பு மருதாணி’ என்று விற்கும் பொட்டலத்திலும் பிபிடி இருக்கலாம். அசல் மருதாணி ஆரஞ்சுச் சிவப்புதான் தரும். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நிறம் நீடித்தால் காசு மிச்சம், சரி. அதைவிடப் பெரிய லாபம், வருஷத்துக்கு முப்பத்தாறு தடவை தலை முழுக்க அடித்தது பத்துப் பன்னிரண்டு தடவையாக, அதுவும் வேருக்கு மட்டுமாகக் குறைவதுதான். நடுவில் தெரியும் அந்த 3 மி.மீ. வெள்ளைக்கு? இருந்துட்டுப் போகட்டுமே.