எலும்பைச் சுமந்த மணல்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், டைனோசர் தேசிய நினைவிடத்தில், சாய்ந்து நிற்கும் ஒரு மணற்கல் சுவரில் ஏறத்தாழ 1,500 எலும்புகள் பதிந்திருக்கின்றன. 1909-இல் ஏர்ல் டக்ளஸ் கண்டுபிடித்த இடம் அது. வருகிறவர்கள் எலும்புகளைப் பார்த்து வியந்துவிட்டுப் போகிறார்கள். நிலவியல் மாணவர் பார்க்க வேண்டியது அவற்றைச் சுற்றியிருக்கும் மணலையும்தான். அந்த மணல் ஒரு ஆற்றின் படுகை. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த விலங்குகளின் உடல்களை இழுத்து வந்து சேர்த்ததும் அதே ஆறுதான்.

இந்தச் சுவரும் அடங்கிய, நியூ மெக்சிகோவிலிருந்து மொன்டானா வரை பரந்து கிடக்கும் பாறைத்தொகுதிக்கு மோரிசன் என்று பெயர். அமெரிக்காவில் நிலவியல் இளங்கலை படிக்கும் பலர் கோடையில் சில வாரங்கள் கள முகாமுக்குப் போயாக வேண்டும். மோரிசன் போன்ற பாறைகள்தான் அவர்களுக்குப் பாடப்புத்தகம்.

அங்கே செய்யும் வேலையில் பரபரப்பு எதுவும் இல்லை. அளவுகோலை ஊன்றி, அடியிலிருந்து மேலாக ஒவ்வொரு அடுக்கின் கனத்தையும் குறிக்க வேண்டும். மணலின் பருமனைக் கைலென்ஸில் பார்க்க வேண்டும். நுண்மண்ணா களிமண்ணா என்று ஐயம் வந்தால் ஒரு துணுக்கைக் கடித்துப் பார்ப்பதும் உண்டு: நறநறத்தால் நுண்மண், வழவழத்தால் களிமண். ஓடும் நீர் மணல்திட்டை நகர்த்தும்போது அதன் முன்சரிவில் மெல்லிய அடுக்குகள் சாய்வாகப் படியும். அவை சாய்ந்திருக்கும் பக்கமே நீர் போன பக்கம். திசைகாட்டியை வைத்து இப்படிப் பல இடங்களில் அளந்தால், என்றோ வற்றிய ஆற்றின் போக்கு காகிதத்தில் தெரியத் தொடங்கும். பின்னாளில் பாறையே சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வைக் கழித்துவிட்டே கணக்கிட வேண்டும்.

ஆற்றுக்கு வெளியே படிந்த சேறு இன்னும் நிறையச் சொல்லும். சிவந்த சேற்றுக்கல் என்றால் பெரும்பாலும் நீர் வடிந்து காற்றுப் பட்ட மண். பச்சை கலந்த சாம்பல் நிறம் என்றால் நீர் தேங்கிய இடம். இடையிடையே சுக்கான் கல் முடிச்சுகள் தென்படும். நீண்ட வறட்சி வந்துபோகும் மண்ணில் விளைவது அது. அமிலம் ஒரு சொட்டு விட்டால் பொங்கும். மோரிசன் சமவெளி பசுமைக் காடாக இருந்திருக்கும் என்ற கற்பனைக்கு இந்த முடிச்சுகள் இடம் கொடுப்பதில்லை. அத்தனை பெரிய விலங்குகள் வறண்ட நிலத்தில் எப்படிப் பிழைத்தன?

2011-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு ஆய்வு இதற்கு ஒரு விடை தந்தது. கொலராடோ கல்லூரியின் ஹென்றி ஃபிரிக்கும் அவருடைய மாணவர்கள் இருவரும் கமரசாரஸ் என்ற பெரிய டைனோசரின் பல் எனாமலில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை அளந்தார்கள். விலங்கு குடித்த நீரின் அடையாளம் அதில் தங்கியிருக்கும். தாழ்நில நீரின் அடையாளமோ அங்கே விளைந்த சுக்கான் கல்லில் இருக்கிறது. இரண்டும் எல்லா இடத்திலும் பொருந்தவில்லை. அந்த விலங்குகள் பருவத்துக்குப் பருவம் சுமார் 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மேட்டுநிலங்களுக்குப் போய் நீர் குடித்துத் திரும்பியிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். எலும்பு தேடுபவர் ஒதுக்கித் தள்ளும் கல் இந்த வாதத்தின் பாதியைத் தாங்குகிறது. மாணவர்களை மண்ணை அளக்கப் பழக்குவது எவ்வளவு அவசியம் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று தெரியவில்லை.

மாணவர்களுக்கு இது ஏற்ற வேலை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அமெரிக்கக் கூட்டாட்சி நிலத்தில் முதுகெலும்பு விலங்குகளின் தொல்லெச்சங்களை எடுக்க அனுமதி வேண்டும். ஓர் அடுக்கின் கனத்தை அளந்து குறித்துக்கொண்டால் எந்த எலும்பும் இடம் பெயர்வதில்லை.

நம் அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டிலும் ஆற்றுப் படிவுகளில்தான் டைனோசர் எலும்புகள் கிடைத்தன. 1980-களில் விவரிக்கப்பட்ட புருகத்காயோசாரஸ் அங்கிருந்து வந்தது. மிகப் பெரிய விலங்காக இருக்கலாம் என்று பேசப்பட்ட அதன் எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன; அளவைப் பற்றிய விவாதம் இன்றும் தொடர்கிறது. எலும்பு போனாலும் அந்த விலங்கு எந்த நிலத்தில், எத்தகைய ஆற்றோரத்தில் வாழ்ந்தது என்பதைப் படிவுகளில் இன்னும் தேடலாம். நிலவியல் படிக்கும் நம் கல்லூரி மாணவர்கள் அளவுகோலும் லென்ஸும் எடுத்துக்கொண்டு அங்கே போக வேண்டும் என்று விரும்புகிறேன்.