சும்மா வைத்த பேட்டரிக்கும் சார்ஜ் வேண்டும்!

பேட்டரி பயன்படுத்தினால்தான் தீரும், தொடாமல் வைத்திருந்தால் அப்படியே இருக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். டார்ச் லைட் செல்லுக்கு இது ஓரளவு சரி. கார், படகு, வீட்டு யூ.பி.எஸ். ஆகியவற்றில் உள்ள லெட் ஆசிட் பேட்டரிக்கு இது பொருந்தவே பொருந்தாது. அது ஓடி ஓடிக் கெடுவது மட்டுமல்ல, சும்மா கிடந்தும் கெடும்.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் இந்தச் சோதனை ஆண்டுதோறும் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். பக்கத்தில் திரேஸ்புரத்தில் உள்ள நாட்டுப் படகுகளுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் காற்று பலமானாலோ, புயல் எச்சரிக்கை வந்தாலோ அவையும் நாள் கணக்கில் கரையில்தான். என்ஜினை ஸ்டார்ட் செய்யவும், ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், விளக்கு இவற்றுக்கும் படகில் 12 வோல்ட் பேட்டரி வேண்டும். நடுக்கடலில் அது கைவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்ய ஆள் கிடையாது. அதனால் ஸ்பேர் பேட்டரி வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் அந்த ஸ்பேருக்கே உயிர் இருக்க வேண்டுமே!

எங்கே போகிறது சார்ஜ்?

லெட் ஆசிட் பேட்டரிக்குள் வேதிவினை ஓயாமல் மெதுவாக நடந்துகொண்டே இருக்கிறது. 25 டிகிரி செல்சியஸில் ஒரு சாதாரண பேட்டரி மாதம் சுமார் 5 சதவீதம் சார்ஜை இழக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். மே மாதத்து வெயிலில் 35 டிகிரி என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் 20 சதவீதம் காலி. முழு சார்ஜுடன் வைத்திருந்தால் பரவாயில்லை. கடைசியாகப் பயன்படுத்தியதில் பாதி தீர்ந்த பேட்டரியை அப்படியே மூலையில் வைத்தால்தான் ஆபத்து. சார்ஜ் குறைந்த நிலையில் தகடுகளின் மேல் லெட் சல்பேட் கெட்டியான படிகமாகப் படியும். அதற்குப் பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய திறன் திரும்பாது.

இன்னொரு திருடனும் உண்டு. ஆஃப் செய்த பிறகும் சில கருவிகள் கொஞ்சம் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர்தானே என்று விட்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர், 61 நாளில் 73 ஆம்பியர் ஹவர்! எனவே நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுத்தான் வண்டியையோ படகையோ நிறுத்த வேண்டும்.

எப்படிப் பாதுகாப்பது?

முதலில் முழு சார்ஜ் ஏற்றுங்கள். ஓர் இரவு விட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. மாதம் ஒரு முறை இதே சோதனை. 12.4-க்கு இறங்கினால் உடனே சார்ஜ் செய்யுங்கள். 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். சார்ஜ் செய்த தேதியை ஒரு டேப்பில் எழுதி பேட்டரி மேல் ஒட்டிவிட்டால் மறக்காது.

எப்போதும் இணைத்தே வைக்க வேண்டுமானால், சார்ஜ் நிறைந்ததும் தானாக 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கிக்கொள்ளும் தானியங்கி சார்ஜர் வாங்குங்கள். பழைய டிரான்ஸ்பார்மர் வகை சார்ஜரை நாள்கணக்கில் மாட்டிவைத்தால் தண்ணீர் கொதித்து வற்றி, தகடுகள் வெளியே தெரியும். கரண்ட் இல்லாத இடத்தில் சிறிய சோலார் பேனலும் சார்ஜ் கன்ட்ரோலரும் போதும்.

மூடி திறக்கும் வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். கடலோரத்து உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உப்புக் காற்று டெர்மினலைப் பூக்க வைக்கும் என்பதால் துடைத்துவிட்டு வாசலின் தடவுங்கள். சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது பழைய ரப்பர் பெட்டிக் காலத்துப் பேச்சு. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது. பலகை போடுகிறவர்கள் போடட்டும், தவறில்லை. ஆனால் சாமி விளக்கு எரியும் அறையில் சார்ஜ் செய்யாதீர்கள். அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பொறி பட்டால் வெடிக்கும். கிளிப்பை மாட்டிய பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

உங்கள் கம்ப்யூட்டர் யூ.பி.எஸ்.

அதற்குள் இருப்பதும் இதே இனம்தான், பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர். ஊருக்குப் போகும்போது சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு இரண்டு மூன்று மாதம் விட்டால் திரும்பி வரும்போது "பீப்" சத்தம்தான் வரவேற்கும். பெட்டிக்குள் எடுத்து வைக்கும் முன் முழு சார்ஜ் செய்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு நாள் பிளக்கில் மாட்டுங்கள்.

யூ.பி.எஸ்.ஸில் கார் பேட்டரியை இணைத்தால் நீண்ட நேரம் ஓடுமே என்று கேட்பார்கள். வேண்டாம். அந்தக் குட்டி சார்ஜரால் பெரிய பேட்டரியை ஒழுங்காக நிரப்ப முடியாது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்காகச் செய்த சர்க்யூட் மணிக்கணக்கில் ஓடினால் சூடேறும். மேலும் கார் பேட்டரி சில விநாடிகள் அதிகக் கரண்ட் தருவதற்கானது, முழுவதும் வடிப்பதற்கானது அல்ல.

ஆனால் அவசரத்துக்கு அதை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோது, தூத்துக்குடி மாவட்டத்தின் பல பகுதிகள் நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் முழு சார்ஜில் உள்ள 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியும், ஃபியூஸ் உள்ள ஒரு கார் மொபைல் சார்ஜரும் இருந்தால், பாதி சார்ஜிலேயே ஒரு செல்போனை ஏழெட்டு முறை நிரப்பலாம்.

லேப்டாப், செல்போனில் இருப்பது லித்தியம் பேட்டரி. இதற்குச் சட்டம் தலைகீழ். மாதக்கணக்கில் எடுத்து வைப்பதாக இருந்தால் முழு சார்ஜில் வைக்காதீர்கள், காலியாகவும் வைக்காதீர்கள். 50 சதவீதத்தில் ஆஃப் செய்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து, குறைந்திருந்தால் மறுபடி பாதி வரை ஏற்றுங்கள்.