தட்டணுக்களின் தாயணு

கையிற் கீறல் பட்டவிடத்துக் குருதி சிறிது கசிந்து தானே நின்றுவிடுகின்றது. அவ்வாறு அடைப்பிடுபவை தட்டணுக்கள் என்னும் நுண்துகள்கள். இவற்றைப் பெற்றெடுப்பது எலும்பு மச்சையில் வாழும் பேரணு ஒன்று. இவ்வுண்மையை 1906-ஆம் ஆண்டிற் பாஸ்டன் நகரத்து ரைட் என்னும் அறிஞர் வெளியிட்டார். பிற அணுக்கள் இரண்டாகப் பிளந்து பெருகும். இதுவோ பிளவாமலே தன் உட்கருப்பொருளை மடங்கு மடங்காகப் பெருக்கிப் பருக்கும். பின்னர்க் குருதிக்குழாய்க்குள் நீண்ட இழைகளை விடும். அவ்விழைகள் துண்டுபட்டுத் தட்டணுக்களாகும். தன் உடலையே பங்கிட்டளித்து மறையும் தாய் அஃது.

தட்டணுவின் வாழ்நாள் ஏழு முதல் பத்து நாள்களே. புற்றுநோய் மருத்துவத்தால் மச்சை நலிந்தோர்க்குப் பிறர் ஈந்த தட்டணுக்கள் உயிர் காக்கின்றன. ஆனால் அவற்றை அறை வெப்பத்தில் அசைத்தவண்ணம் வைத்தாலும் ஐந்து அல்லது ஏழு நாளுக்குமேல் பயன்படுத்தலாகாது. வேண்டும்பொழுது கொடையாளர் கிடையாவிடின் நோயாளி என் செய்வார்? ஆதலின் தாயணுவைக் கலத்தில் வளர்க்க அறிஞர் முயன்றனர். அதனை வளரச் செய்யும் திராம்போபொயிட்டின் என்னும் பொருள் 1994-இல் பிரித்தறியப்பட்டது. அதன்பின் அணு வளர்ந்தது; ஆயினும் அஃது ஈன்ற தட்டணுக்கள் மிகச் சிலவே.

ஜப்பானில் கியோட்டோப் பல்கலைக்கழகத்தார் எலியின் மச்சையை உயிருடன் நோக்கினர். தட்டணு உதிருமிடத்துக் குருதி சுழித்தோடுவதைக் கண்டனர். அச்சுழலைக் கலத்திலும் உண்டாக்கினர். எட்டு லிட்டர்க் கலமொன்றில் பத்தாயிரம் கோடித் தட்டணுக்கள் விளைந்தன. இச்செய்தி 2018-இல் வெளியாயிற்று.

சுழல் செய்தது யாது? இழைகளை அறுத்தது மட்டுமன்று. சுழலில் அலைப்புண்ட தாயணுக்கள் சில புரதங்களை நீரிற் சுரந்தன. அவற்றுள் மிஃப் எனச் சுருக்கமாக வழங்குவது சைட்டோகைன் வகையைச் சார்ந்தது. சைட்டோகைன் என்பது ஓரணு மற்றோரணுவுக்கு விடுக்கும் தூது. அன்னத்தையும் முகிலையும் தூதாக விடுத்த புலவர்க்கு இது புதுமையன்று. ஈண்டுத் தூது செல்வது ஒரு புரதம், அவ்வளவே. இத்தூது சேர்ந்த அணுக்கள் தட்டணுக்களை மிகுதியாய் உதிர்த்தன. அமைதியான நீரில் இச்சுரப்பு குறைவு.

பின்னர், பிறர் தட்டணுக்களை உடல் ஏலாத குருதிநோயாளி ஒருவர்க்கு, அவர்தம் அணுக்களினின்றே ஆக்கிய தட்டணுக்களைச் செலுத்தினர். அதன் முடிவு 2022-இல் வெளிவந்தது. பெருந்தீங்கு நேரவில்லை, ஆனால் குருதியில் தட்டணுக்களின் எண்ணிக்கை கருதிய அளவு உயரவில்லை.